படிக்கட்டும் வெட்டுப்படமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை முதலாண்டு படிக்கிறேன். இரண்டு தளங்கள் கொண்ட வாசிப்புக்கூடம்தான் இந்தத் தவணை ஸ்டூடியோ வேலை. தரைப்படத்தைப் பாராட்டிய ஆசிரியர்கள், கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வெட்டுப்படத்தைப் பார்த்ததும் “மேலே எப்படி ஏறுவது?” என்று கேட்டுவிட்டார்கள். தளத்துக்குத் தளம் 3.2 மீட்டர், நடுவில் திரும்பி ஏறும் இருமடிப்புப் படிக்கட்டுக்கு 4 மீட்டர் நீளம் விட்டிருந்தேன். எங்கே பிசகியது?

க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

பிசகு 3.2-இலேயே தொடங்கிவிட்டது. நடுவில் தூண் இல்லாமல் 7.2 மீட்டர் தாண்டும் கான்கிரீட் பீமுக்கு, நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆழம் என்று தோராயமாக வையுங்கள்: 600 மி.மீ. அதன்கீழ் குளிரூட்டியின் காற்றுக் குழாய் (டக்ட்) 350, சீலிங்கும் விளக்கும் 150, தரை ஓட்டுக்கு 50. மிஞ்சுவது 2050. இங்கே அறைக்கு 2400-ஆவது வேண்டும். ஆகவே தளத்துக்குத் தளம் 3600-க்குப் போங்கள். (டக்டைப் பீம்களுக்கு இணையாக, இடைவெளியில் ஓட்டினால் உயரம் மிச்சமாகும். அதற்கும் முதலில் வெட்டுப்படம் வேண்டும்.)

இனி படி. ஒரு படியின் உயரம் 175-ஐத் தாண்டக்கூடாது, கால் வைக்கும் மிதிப்பலகையின் முன்பின் அளவு 275-க்குக் குறையக்கூடாது. 3600-ஐ 175-ஆல் வகுத்தால் 20.57; எனவே 21 படிகள், ஒவ்வொன்றும் 171.4. இருபது படிகளை 175 வைத்துவிட்டு மிச்சம் 100-ஐக் கடைசிப் படிக்குத் தள்ளினால், அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். உயரங்களை ஓடு பதித்த மட்டத்திலிருந்து அளக்கவேண்டும், வெறும் கான்கிரீட்டிலிருந்து அல்ல.

21-ஐ 11, 10 என்று பிரிக்கத் தோன்றும். 11 ஏற்றத்துக்கு 10 மிதிப்பலகைதான், கடைசி ஏற்றம் லேண்டிங்கில் (படிக்கட்டு திரும்பும் சமதளத்தில்) முடிந்துவிடும். பத்துக்கும் சேர்த்து நீளம் 2750, இரு பக்கமும் லேண்டிங் 1200 வீதம்: மொத்தம் 5150. உங்கள் 4 மீட்டர் எப்படிப் போதும்?

இன்னொன்று. நடு லேண்டிங் 1886 உயரத்தில் வரும். 150 தடிமன் போக அடியில் 1736. அங்கே கழிவறைக் கதவு வைத்தால் தலை இடிக்கும். (முதலாண்டுத் தாள்களில் அந்தக் கதவு எப்படியோ அங்கேதான் போய் உட்காரும்.) கதவு வேண்டுமென்றால் முதல் பகுதிக்கு 13 படி கொடுங்கள்: அடியில் 2079 கிடைக்கும், நீளம் 5700 ஆகும். தரைப்படம் மறுபடி மாறும், பரவாயில்லை.

அந்த நீளத்தை எங்கே வைப்பது? நாம் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கில் இருப்பதால் ஜூனில் வடக்குச் சுவரிலும் டிசம்பரில் தெற்குச் சுவரிலும் வெயில் விழும். இரண்டுமே நண்பகலில் செங்குத்தான வெயில். 2 மீட்டர் உயரச் சன்னலுக்கு 900 மி.மீ. நீட்டிய தளம் அதைத் தடுத்துவிடும். மேற்கில் மாலை ஐந்து மணி வெயில் சுமார் 30 பாகையில் படுத்து வரும், எந்த நீட்டலுக்கும் அடங்காது. படிக்கட்டையும் கழிவறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வாசிப்பவர்களை வடக்கே உட்காரவையுங்கள்.