நினைவகச் சில்லுகளை மாற்றியும் தீராத கோளாறு

கேள்வி: என்னிடம் 1980களின் காமடோர் 64 கணினி ஒன்று உள்ளது. அதில் எந்த முகவரிக்கு எந்தச் சில்லு பதிலளிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பி.எல்.ஏ. சில்லு பழுதானதால், அதற்குப் பதிலாக ஈப்ராமைக் (அழித்து எழுதக்கூடிய நிலை நினைவகச் சில்லு) கொண்ட மாற்றுப் பலகையைப் பொருத்தியுள்ளேன். பத்து நிமிடம் ஓடியதும் திரையின் வெற்றிடங்களில் வேண்டாத குறிகள் முளைக்கின்றன. நினைவகச் சில்லுகள் எட்டையும் மாற்றிவிட்டேன், பயனில்லை. ஆசிலோஸ்கோப்பில் (மின்சைகைகளை அலைவடிவில் காட்டும் கருவி) எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் குறிகளையே உற்றுப் பாருங்கள். திரை நினைவகத்தில் வெற்றிடத்தின் எண் 32. அதில் கடைசி பிட் மாறினால் 33, அதாவது ஆச்சரியக்குறி. இரண்டு பிட்டுகள் தள்ளியுள்ளது மாறினால் 36, அதாவது டாலர் குறி. இந்தக் கணினியில் ஒவ்வொரு சில்லும் ஒரு பிட்டை மட்டுமே வைத்திருப்பதால், எப்போதும் ஒரே குறி வந்தால் ஒரு சில்லின் மீதும், பல குறிகள் கலந்து வந்தால் எட்டுக்கும் பொதுவான சைகைகளின் மீதும் ஐயம் கொள்ள வேண்டும். நீங்கள் எட்டையும் மாற்றிய பின்னும் கோளாறு தொடர்வதால், இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

உங்கள் நினைவகச் சில்லான 4164 தன் முகவரியை இரு தவணைகளில் வாங்குகிறது. ராஸ் சைகை கீழிறங்கும்போது வரிசை எண்ணையும், காஸ் சைகை கீழிறங்கும்போது நெடுவரிசை எண்ணையும் அது பிடித்துக்கொள்ளும். வீடியோ சில்லிலிருந்து வரும் காஸ், முகவரியின் இரு பாதிகளுள் ஒன்றைத் தேர்ந்து நினைவகத்துக்கு அனுப்பும் 74எல்எஸ்257 சில்லுகளிடம் நெடுவரிசை எண்ணுக்கு மாறச் சொல்கிறது. அதே காஸ் பி.எல்.ஏ.வைக் கடந்து சற்றுத் தாமதமாகவே நினைவகத்தை அடைகிறது. முகவரி மாறி நிலைகொள்ளத் தேவையான அவகாசத்தை அந்தத் தாமதமே தருகிறது என்பதால், அது குறையாகத் தோன்றினாலும் இக்கணினிக்கு உயிர்நாடியாகும். மாற்றுச் சில்லு மிக வேகமானதானால் இந்த அவகாசம் குறையும்; மந்தமானதானால் தரவு பிந்தும். உள்ளீடுகள் மாறும் வேளையில் ஈப்ராமின் வெளியீட்டில் பொய்த் துடிப்புகளும் எழக்கூடும். சூடேறினால் சீமாஸ் வகைச் சில்லுகள் (உங்கள் ஈப்ராம் போன்றவை) மந்தமாகும் என்பதால், உங்கள் பத்து நிமிடக் கணக்கும் இதற்குப் பொருந்துகிறது.

எதையும் தொடுமுன் 5 வோல்ட் மின்சாரம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பழைய மின்வழங்கிகள் பழுதாகி அதிக வோல்ட்டைத் தந்து நினைவகத்தையே எரித்துவிடுவதுண்டு. பிறகு, முதல் புரோப்பை 74எல்எஸ்257இன் 1ஆம் காலிலும், இரண்டாவதை நினைவகச் சில்லின் 15ஆம் காலிலும் வைத்து, முதல் சைகையின் இறங்கு விளிம்பில் டிரிக்கர் செய்யுங்கள் (அந்தக் கணத்தில் அலையைப் பதியத் தொடங்கும்படி ஸ்கோப்பை அமையுங்கள்). இரண்டு இறக்கங்களுக்கும் இடைப்பட்ட நேரமே பி.எல்.ஏ.வின் தாமதம், அசல் சில்லில் அது 50 நானோ நொடியைத் தாண்டுவதில்லை. அடுத்து, முதல் புரோப்பை நினைவகச் சில்லின் 5ஆம் காலுக்கு (ஒரு முகவரிக் கால்) மாற்றி, டிரிக்கரை 15ஆம் காலின் இறங்கு விளிம்புக்கு மாற்றி, அந்த இறக்கத்துக்கு முன்பே முகவரி அடங்கிவிடுகிறதா என்று கவனியுங்கள்.

20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் எழுநேரமே (சைகை கீழிருந்து மேலெழுவதைக் காட்ட அதற்குப் பிடிக்கும் நேரம்) ஏறக்குறைய 17 நானோ நொடி என்பதால் இவ்வேலைக்கு அது போதாது. 100 மெகாஹெர்ட்ஸாவது வேண்டும். புரோப்பின் நீண்ட கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, நுனியருகே சிறு சுருள்கம்பியைப் போடுங்கள். இல்லையேல் கம்பியே உண்டாக்கும் அதிர்வைக் கோளாறென்று எண்ணிவிடுவீர்கள். பொய்த் துடிப்பு எப்போதோ ஒருமுறைதான் வரும் என்பதால், டிஜிட்டல் ஸ்கோப்பில் பழைய அலைகள் அழியாமல் நிற்கும்படி வைத்து, ஹேர் டிரையரால் மாற்றுப் பலகையை மெல்லச் சூடாக்கியபடி சில நிமிடம் காத்திருங்கள். உண்மையான இறக்கத்துக்கு முன்னால் ஒல்லியான இன்னொரு பள்ளம் தெரிந்தால், அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, அசலின் தாமதத்துக்கு ஈடாக வடிவமைத்த மாற்றைப் பொருத்துங்கள்.