வசனங்களுக்கு நடுவே எத்தனை ஃபிரேம்?

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து 11 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறேன். அதில் தாயும் மகனும் சமையலறையில் பேசிக்கொள்ளும் காட்சி 4 நிமிடம் வருகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ‘இழுக்கிறது’ என்றார்கள். எடிட்டிங் மென்பொருளில் மௌனத்தைத் தானாக நீக்கும் வசதி இருந்ததால் அதைப் பயன்படுத்தினேன். நீளம் குறைந்துவிட்டது, ஆனால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவதுபோல் இப்போது தோன்றுகிறது. எங்கே தவறு நேர்ந்தது?
– குறும்பட ஆர்வலர், திருநெல்வேலி

பதில்: அந்தக் காட்சியில் இரண்டு வகை மௌனங்கள் இருந்திருக்கும். மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணி வெட்டிவிட்டது.

ஒருவருடைய குளோஸப்பை எடுக்கும்போது எதிரில் இருப்பவரின் குரல் அவர் குரல்மேல் ஏறிவிட்டால், பிறகு வேறு டேக்கோடு, அதாவது அதே காட்சியை மறுபடி எடுத்த பதிவோடு, அதை ஒட்ட முடியாது. அதனால், ஒருவர் முடித்து சற்று நிறுத்திய பிறகே மற்றவர் தொடங்க வேண்டும் என்று நடிகர்களிடம் சொல்லி வைப்பது படப்பிடிப்பில் வழக்கம். அனுபவம் குறைந்த நடிகர்களாக இருந்தால் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் நேரமும் இதோடு சேர்ந்துகொள்ளும். இப்படி உண்டான இடைவெளி தாய்க்கும் சொந்தமில்லை, மகனுக்கும் சொந்தமில்லை. அதைத் தயக்கமின்றி எடுத்துவிடலாம். கேட்டவர் யோசிக்கும் நேரமும், சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்ளும் நேரமும் அப்படிப்பட்டவை அல்ல. அவை பாத்திரங்களுக்கு உரியவை, எழுதிய வசனத்துக்கு இணையானவை. ஒலி குறிப்பிட்ட டெசிபலுக்குக் கீழே இறங்கினால் வெட்டிவிடு என்ற ஒரே கணக்கில் இயங்கும் மென்பொருளால் இந்த வேறுபாட்டை அறிய முடியாது.

ஆகவே பழைய பிரதிக்குத் திரும்பிப் போய், முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். மனிதர்கள் இயல்பாகப் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று 10 மொழிகளில் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. சராசரி ஏறத்தாழ 200 மில்லி விநாடி என்று அதில் தெரிந்தது. விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 அசையாப் படங்கள், என்ற கணக்கில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. அப்படியானால் சராசரி இடைவெளி 5 ஃபிரேம்தான். படப்பிடிப்பிலிருந்து 20 ஃபிரேம் இடைவெளியோடு வரும் வசனம் ஏன் இழுக்கிறது என்பது இதிலிருந்தே புரியும். அதற்காக எல்லா இடத்திலும் 5 ஃபிரேம் வைத்துவிட்டால், அந்தச் சீரான தாளமே செயற்கையாகிக் காதை உறுத்தத் தொடங்கும்.

உங்கள் காட்சியை நான் பார்க்கவில்லை. அதனால் அதுபோன்ற ஒரு பகுதியை நானே எழுதிக் காட்டுகிறேன். வேலைக்கான உத்தரவைப் பற்றித் தாய் கேட்கிறாள்: “ஆர்டர் வந்துச்சா?” மகன்: “வந்துச்சு.” தாய்: “எப்ப சேரணும்?” மகன்: “நான் போகலம்மா.” முதல் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே 4 ஃபிரேம் போதும், ஏனென்றால் எதிர்பார்த்த கேள்விக்கு யோசிக்காமல் வரும் பதில் அது. “வந்துச்சு” என்பதற்கும் “எப்ப சேரணும்?” என்பதற்கும் இடையே ஒரு ஃபிரேம்கூட வேண்டியதில்லை, ஆவலில் அவள் சொல் அவன் சொல்லின் வால்மேல் விழலாம். அடுத்துத்தான் நிறுத்த வேண்டும். 40 ஃபிரேம், தேவையென்றால் 50 ஃபிரேம்கூட விட்டுவைக்கலாம். முன்னே இரண்டு இடங்களில் இறுக்கியிருப்பதால்தான் இந்த மௌனத்துக்கு எடை கூடுகிறது. மூன்று இடங்களிலும் 20 ஃபிரேம் இருந்தபோது இந்த ஒன்றைப் பார்வையாளரால் தனியாக உணர்ந்திருக்கவே முடியாது.

அந்த 40 ஃபிரேமில் யாருடைய முகத்தைக் காட்டுவது? பேசுபவர் முகம், பதில் சொல்பவர் முகம் என்று வசனத்துக்கு வசனம் மாறிக்கொண்டே இருந்தால் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். ஒலி இறுகியிருந்தாலும் காட்சி இழுப்பதாகவே தோன்றும். மௌனத்தை மகன் முகத்தில் வைத்து, அவன் “நான்” என்று தொடங்கும்போதே படத்தைத் தாயின் முகத்துக்கு மாற்றிவிடுங்கள். அவன் குரல் அவள் முகத்தின்மேல் தொடர்ந்து ஓடட்டும். படம் மாறிய பிறகும் பழைய ஒலி தொடரும் இதைத்தான் எடிட்டிங் அறையில் எல் கட் என்கிறோம். அடுத்த படத்தின் ஒலி முன்கூட்டியே வந்தால் அது ஜே கட். அந்தச் செய்தி அவளைச் சென்று சேரும் கணத்தைப் பார்வையாளர் அவள் முகத்திலேயே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ் வசனத்தை வெட்டுபவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. ஆம் என்பதும் இல்லை என்பதும் பெரும்பாலும் அந்த வினையின் வாலில்தான் தெரியவரும். “போகலம்மா” என்பதில் மறுப்பைத் தாங்கி நிற்பது ‘ல’ என்ற ஒரே எழுத்து. பேச்சில் வாக்கியத்தின் முடிவில் குரல் தாழ்வதும் இயல்பு. தானாக வெட்டும் வசதி முதலில் பலி வாங்குவது அந்தத் தாழ்ந்த ஒலியைத்தான். தாயின் “ஏன்டா?” அந்த ‘ல’வின்மேல் ஏறிவிட்டால் காட்சியின் பொருளே போய்விடும். வல்லினத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னும் ஒரு ஃபிரேமாவது விட்டு வெட்டுங்கள். ப, த, க ஆகியவை வெடித்துப் பிறக்கும் ஒலிகள், தொடக்கம் சிதைந்தால் சொல் மழுங்கிக் கேட்கும்.

கடைசியாக, இப்படி இறுக்கிய பிறகு பின்னணி ஒலி வெட்டுக்கு வெட்டு மாறும். சமையலறை என்பதால் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த அறையில் யாரும் பேசாத ஒலியை, அதாவது ரூம் டோனை, அரை நிமிடமாவது பதிவு செய்திருந்தால் அதைக் காட்சி முழுவதும் அடியில் போட்டு, ஒவ்வொரு ஒட்டிலும் ஓரிரு ஃபிரேம் கிராஸ்ஃபேடு (ஓர் ஒலி மெல்லக் குறைய அடுத்தது மெல்ல எழுவது) கொடுங்கள். பதிவு செய்யவில்லை என்றால், ‘ஆக்‌ஷன்’ என்று சொன்னதற்கும் முதல் வசனத்துக்கும் இடையே உள்ள துண்டுகளைச் சேர்த்து அதை உருவாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: முதியவர்களிடம் எடுக்கும் பேட்டிகளில் ‘வந்து’, ‘அதாவது’ போன்ற சொற்கள் அடிக்கடி வருகின்றன. எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பழக்கத்தால் வருபவற்றை நீக்கலாம்; நினைவைத் தேடும்போது வருபவற்றைத் தொடாதீர்கள். இறந்த கணவரின் பெயரைச் சொல்லுமுன் ஒருவர் “அவங்க… வந்து…” என்று நிறுத்தினால், அந்த நிறுத்தம் அவர் தந்த சாட்சியத்தில் ஒரு பகுதி. மூச்சுகளையும் முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டாம். மூச்சே விடாமல் ஒருவர் ஐந்து வாக்கியம் பேசினால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து ‘இல்லை’ போன்ற சொல்லை எடுத்து, அவர் சொன்னதன் பொருளை மாற்றுவது எந்த நிலையிலும் கூடாது.

கேள்வி: இருவரும் ஒரே ஃபிரேமில் இருக்கும் டூ ஷாட் மட்டுமே எங்களிடம் உள்ளது. தனித்தனி குளோஸப் எடுக்கவில்லை. இடைவெளியைக் குறைக்க வழி உண்டா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கேமரா முக்காலியில் அசையாமல் இருந்திருந்தால் உண்டு. இருவருக்கும் நடுவே யாருடைய கையும் குறுக்கிடாத ஓரிடத்தில் படத்தைச் செங்குத்தாகப் பிரித்து, பதில் சொல்பவர் இருக்கும் பாதியை மட்டும் தேவையான அளவு, 10 ஃபிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முன்னே நகர்த்துங்கள். பிரிக்கும் கோட்டின் ஓரத்தைச் சற்று மங்கலாக்கினால் ஒட்டு தெரியாது. ஹாலிவுட் இயக்குநர் டேவிட் ஃபிஞ்சரின் படங்களில் இந்த முறை தாராளமாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஒலியிலும் அந்தப் பதிலை அதே 10 ஃபிரேம் நகர்த்த வேண்டும். ஆனால் இருவர் குரலும் ஒரே மைக்கில் பதிவாகியிருந்தால், பதில் முன்னவரின் கடைசிச் சொல்மேல் ஏறாத அளவுக்கு மட்டுமே நகர்த்த முடியும். வெயில் மாறிக்கொண்டிருந்தாலோ பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தாலோ கோடு காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் மேசையில் இருக்கும் காபி டம்ளரையோ விரல்களையோ மறுபடி போய்த் தனியாக எடுத்து வந்து, அந்த இடத்தை அதைக்கொண்டு மூடுங்கள்.