ஸ்விஃப்டுக்கு எந்த எல்.எஸ்.டி.?

சேலம் அஸ்தம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி: "என் பெட்ரோல் ஸ்விஃப்டில் ஆட்டோகிராஸ் (நேரத்தோடு போட்டியிடும் குறுகிய பந்தயம்) ஓட்டுகிறேன். வளைவில் உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றுகிறது. அடுத்து மண் ராலியும், கோவை 'கரி மோட்டார் ஸ்பீட்வே' பந்தயத் தடமும் ஓட்ட ஆசை. ஆபீஸுக்கும் ஏற்காட்டுக்கும் இதே கார்தான். எந்த எல்.எஸ்.டி. போடலாம்?"

எஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்புதான் டிஃப்ரன்ஷியல். ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகைக்குப் பெயர் எல்.எஸ்.டி., அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல். முதலில் நீங்கள் இறங்கும் போட்டிப் பிரிவின் விதிகளைப் படியுங்கள். அதில் எல்.எஸ்.டி.க்கு அனுமதி இல்லையென்றால் செலவு வீண்.

சாதா டிஃப்ரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசைதான் தரும். பிடி குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, மற்றதற்கும் அவ்வளவே. டார்சன், க்வைஃப் போன்ற ஹெலிகல் (சாய்ந்த பற்கள் கொண்ட பல்சக்கர) வகை, பிடியுள்ள சக்கரத்துக்கு இதைப் பெருக்கித் தரும். விகிதம் 2.5 என்றால், ஒரு சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கும்போது மற்றதற்கு 250 வரை போகும். சத்தமில்லை, தேய்மானம் குறைவு, ஸ்டீயரிங்கைப் பெரிதாக இழுக்காது. தார் டிராக்குக்கு அருமை. ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

மண் ராலியில் சக்கரம் அடிக்கடி தரையை விட்டுக் கிளம்பும். அங்கே கிளட்ச் பிளேட் வகைதான் சரி; ப்ரீலோடு (பிளேட்டுகளை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் விசை) இருப்பதால் ஒரு சக்கரம் தொங்கினாலும் மற்றது கொஞ்சமாவது இழுக்கும். இதில் ஒன்-வே என்பது ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும். டூ-வே காலை எடுத்தாலும் பூட்டும். ஒன்றரை வே இரண்டுக்கும் நடுவில். ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இழுவைக் காருக்கு டூ-வே வேண்டவே வேண்டாம், வளைவில் நுழையும்போது மூக்கு திரும்பாமல் அடம்பிடிக்கும். அது பின்சக்கர ட்ரிஃப்ட் காரர்களுக்கு. நேர்கோட்டில் மட்டும் சீறும் டிராக் (drag) ரேஸுக்கு, இரண்டு சக்கரங்களையும் எப்போதும் ஒன்றாகவே சுற்றவைக்கும் முழுப் பூட்டே போதும். பிசுபிசுப்பான திரவத்தால் வேலை செய்யும் விஸ்கஸ் வகையை விடுங்கள், சக்கரம் சுற்றிய பிறகுதான் அது விழிக்கும்.

உங்களுக்கு என் சிபாரிசு ஹெலிகல். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தினசரி ஓட்டத்தையும் அது தொந்தரவில்லாமல் தாங்கும். (மலைப்பாதையில் பந்தயப் பழக்கம் வேண்டாம், எதிரே பஸ் வரும்.) ராலியில் முழுமூச்சாக இறங்கும் நாளில் பிளேட் வகைக்கு மாறலாம், ஒன்றரை வே, குறைந்த ப்ரீலோடில் தொடங்குங்கள்.

இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், கூலியையும் கணக்கில் சேருங்கள். ஸ்விஃப்டில் கியர்பாக்ஸுக்கும் டிஃப்ரன்ஷியலுக்கும் ஒரே ஆயில் என்பதால், பிளேட் வகை போட்டால் தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலையே ஊற்றி அடிக்கடி மாற்றுங்கள். வாங்கும் முன் உங்கள் கியர்பாக்ஸுக்குப் பொருந்துமா, உதிரி பிளேட் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.