டலாவுக்குப் போக மறுத்த ஆட்டக்காரர்கள்

நண்பரே, நீங்கள் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் பாதியில் கலைந்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய ரங்கூனில் கதை வைத்து, ஆட்டக்காரர்கள் பான்சோடான் துறையில் படகேறி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டலாவுக்குப் போவார்கள் என்று திட்டம் எழுதியிருக்கிறீர்கள். அவர்களோ கடத்தல்காரனைத் தேடி ஸ்காட் மார்க்கெட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். நீங்கள் போலீஸை விட்டு மறித்ததும் ஒருவர் பகடையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கோபம் நியாயம்தான். கதை நடத்துபவரின் திட்டத்துக்கும் ஆட்டக்காரரின் விருப்பத்துக்கும் நடுவே, இதே வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்த காலத்திலிருந்தே இருக்கிற சண்டை இது.

அடுத்த முறை கடத்தல்காரனுக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் ராத்திரிக்குள் என்ன செய்வான் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரியுங்கள். அவர்கள் மார்க்கெட்டில் நேரம் போக்கப் போக, கண்ணெதிரே ஒவ்வொரு துண்டாகக் கறுப்பாக்குங்கள். ஆறும் நிறைந்தால் சரக்கு டலாவிலிருந்து கிளம்பிவிட்டது. போலீஸே தேவைப்படாது. துப்பையும் ஒரே இடத்தில் பூட்டாதீர்கள். நகைக்கடைக்காரர், படகோட்டி, கசங்கிய ரசீது என்று மூன்று வழியில் வையுங்கள்.

ஆட்டக்காரர்கள் எங்கே போனாலும் கடத்தல்காரனை அங்கே கொண்டுபோய் நிறுத்து என்பார்கள் சிலர். எனக்குப் பிடிக்காது. அந்தத் தந்திரத்தை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எதையும் நம்ப மாட்டார்கள்.

எழுந்து போனவரிடம் ஆட்ட நாளுக்கு முன்பே, தனியாக, டீக்கடையில் பேசிவிடுங்கள்.