பதில்: யங் கவுண்டி நினைவுக்கற்கள்

வணக்கம். டெக்சஸின் யங் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய பிரேசோஸ் நிலம் ஏன் ஐந்தே வருடத்தில் காலியானது, சாலையோரக் கற்களைப் படித்தும் புரியவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். கற்களில் அது கிடைப்பது கஷ்டம்தான்.

1854இல் பெல்க்னாப் ராணுவக் கோட்டைக்குத் தெற்கே நிலம் ஒதுக்கி, கேடோ, வேகோ, டோன்கவா மக்களைக் குடியமர்த்தினார்கள். அவர்கள் பாட்டுக்கு விவசாயம் செய்தார்கள். எங்கே குதிரை திருடு போனாலும் பக்கத்துக் குடியேறிகள் பழியை இவர்கள் மேல் போட்டார்கள். 1858 டிசம்பரில் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த இந்த மக்களில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றது ஒரு கும்பல். யார் கொன்றது என்று ஊருக்கே தெரியும், ஆனால் ஒருவருக்கும் தண்டனை இல்லை. மறு வருடம், பூர்வகுடிகளுக்குப் பொறுப்பான அரசு அதிகாரி ராபர்ட் நெய்பர்ஸ் எல்லோரையும் டெக்சஸ் எல்லையான சிவப்பாற்றுக்கு வடக்கே கூட்டிப்போய் விட்டார். திரும்பி வந்தவரை பெல்க்னாப்பிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். 'இடம்பெயர்ந்தார்கள்' என்று எங்கே பார்த்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே தேடுவது? 1936 என்று பொறித்த கிரானைட் கற்கள் டெக்சஸ் விடுதலை நூற்றாண்டுக்கு நட்டவை. வாசகம் சுருக்கம், பெருமை அதிகம். 1960களுக்குப் பிறகு வந்த அலுமினியப் பலகைகளை நம்பிப் போகலாம், பலவற்றுக்குப் பின்னால், பலகை வைக்கக் கேட்டு அனுப்பிய விண்ணப்பக் கோப்பு இருக்கும். மாநில வரலாற்று ஆணையத்தின் இணைய வரைபடத்தில் கவுண்டி பெயர் கொடுத்தால் பலகை வாசகம் வரும். கோப்புகளின் ஸ்கேன், வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழக மின்னூலகத்தில் இலவசம். அதில் அடிக்குறிப்புகளை முதலில் பாருங்கள்.