பிரிட்டிஷ் பேப்பர்கள் யார் பக்கம்? கேள்வி பதில்

லண்டனில் 19 வருடம் பேப்பர் கடை நடத்தினேன். விடியுமுன் வந்து விழும் கட்டுகளை அவிழ்த்து அடுக்கும்போதே எல்லா முதல் பக்கங்களையும் ஒன்றாகப் பார்த்துவிடுவேன். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

தென்றல்: எந்தப் பேப்பர் எந்தப் பக்கம்?

டெலிகிராஃப், மெயில், எக்ஸ்பிரஸ் வலதுசாரி. மிரர் தொழிற்கட்சி. கார்டியன் இடது பக்கம் சாய்ந்தது. சன் மாறிக்கொண்டே இருக்கும்: 1992இல் கன்சர்வேட்டிவ், 1997இல் தொழிற்கட்சியின் டோனி பிளேர், 2010இல் கன்சர்வேட்டிவ் கேமரன், 2024இல் மறுபடி தொழிற்கட்சி. ஆனால் பட்டியலை வைத்துப் படிக்காதீர்கள். கையில் இருப்பது தலையங்கமா, தனி ஒருவர் கருத்தா, செய்தியா என்று முதலில் பாருங்கள்.

கொழும்புவாசி: முதலாளி சொல்வதைத்தானே எழுதுகிறார்கள்?

அது பாதிதான். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதா (பிரெக்ஸிட்) என்ற 2016 வாக்கெடுப்பில் டெய்லி மெயில் விலகச் சொன்னது, மெயில் ஆன் சண்டே இருக்கச் சொன்னது. இரண்டும் ரோதர்மியர் குடும்பத்துடையவை. பத்திரிகை முதலாளி மர்டாக்கின் டைம்ஸ் இருக்கச் சொன்னது, அவருடைய சண்டே டைம்ஸ் விலகச் சொன்னது. 2015 ஏப்ரல் 30 இன்னும் தெளிவான உதாரணம்: அன்று லண்டன் சன் கேமரனுக்கு ஓட்டுக் கேட்டது, ஸ்காட்டிஷ் சன் ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்குக் கேட்டது. ஒரே நிறுவனம், ஒரே காலை. ஸ்காட்லாந்தில் வாங்குகிறவர்கள் வேறு, அவ்வளவுதான். மிரரும் எக்ஸ்பிரஸும்கூட 2018 முதல் ஒரே நிறுவனத்திடம் இருக்கின்றன. தன் வாசகர் ஏற்கெனவே நம்புவதைத்தான் பேப்பர் முதலில் விற்கிறது.

அதற்காக முதலாளிக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். 1934இல் கருஞ்சட்டைப் பாசிஸ்டுகளைப் பாராட்டி மெயிலில் எழுதியவர் அதன் உரிமையாளர் ரோதர்மியர் பிரபுவேதான். கார்டியன் 1936 முதல் ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. தனி முதலாளி கிடையாது, சாய்வு உண்டு.

மழைக்காதலன்: அப்படியானால் நடுநிலையான பேப்பர் எது?

கிடையாது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதிப்படி நடுநிலை காக்க வேண்டியவை தொலைக்காட்சியும் வானொலியும். பேப்பர் ஒரு கட்சிக்குப் பிரச்சாரம் செய்யலாம். இப்சோ என்ற பத்திரிகைக் கண்காணிப்பு அமைப்பில் சேர்ந்த பேப்பர்கள் கருத்து, ஊகம், உண்மை மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும், அவ்வளவே. பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்று நீங்களும் பாருங்கள்.

யாழினி: பிபிசி?

என் துறை பேப்பர். பிபிசி பற்றித் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கடலோடி: இணையத்தில் சாய்வு கூடுமா?

கண்ணுக்குத் தெரிவது குறையும், அதனால் ஆபத்து கூடும். அச்சில் கருத்துப் பக்கம் தனியாக இருக்கும். இணையத்தில் ஒரே ஒரு கட்டுரை வாட்ஸ்அப்பில் தனியாக வந்து சேரும், பலர் தலைப்போடு நிறுத்திவிடுவார்கள். 2016 மார்ச்சில் ராணி பிரெக்ஸிட்டை ஆதரிப்பதாக சன் தலைப்புப் போட்டது. அந்தத் தலைப்பு வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது என்று இப்சோ மே மாதம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு மாதத்தில் அந்தத் தலைப்பு எவ்வளவு தூரம் போயிருக்கும்! தலைப்போடு நிறுத்தாதீர்கள்.

வைகறை: 1992 தேர்தல் முடிந்ததும் ஜெயிக்கவைத்தது தாங்களே என்று சன் போட்டதே? ஓட்டு அவர்கள் கையில்தானே?

இல்லை. 1997இல் பிளேர் கருத்துக்கணிப்பில் வெகுதூரம் முன்னே போன பிறகுதான் சன் அவர் பக்கம் வந்தது. ஓடுகிற குதிரையில் ஏறினார்கள்.

வைகறை: லிவர்பூலை மறந்துவிட்டீர்கள்.

சரி, அது நல்ல கேள்வி. 1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் காயமடைந்து இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். நான்கு நாள் கழித்து, 'உண்மை' என்ற தலைப்பில் சன் லிவர்பூல் ரசிகர்கள்மேல் பொய்ப் பழி போட்டது. லிவர்பூல் இருக்கும் மெர்சிசைடு பகுதி மக்கள் அந்தப் பேப்பரை வாங்குவதை நிறுத்தினார்கள். அங்கே இன்றும் சன்னை விற்காத கடைகள் உண்டு. புறக்கணிப்புக்குப் பிறகு அந்தப் பகுதியில் ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்பு குறைந்தது என்று ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். ஆகவே உங்கள் பக்கம் பாதி நியாயம். தேர்தல் வாரத்து ஒற்றைத் தலையங்கத்துக்கு நான் பயப்படுவதில்லை. இருபது வருடம் தினமும் ஒரே திசையில் வந்து விழும் செய்திகளுக்குத்தான் பயப்படுகிறேன்.

வைகறை: அதைத்தான் நானும் சொன்னேன்.

'ஓட்டு அவர்கள் கையில்' என்றீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

நெய்தல்: கார்டியன் நடுநிலைதானே?

இல்லை. மேலே படியுங்கள்.

பனிமலர்: நடுநிலையாக ஒரு பேப்பர் சொல்லுங்களேன்.

மூன்றாவது முறை. கிடையாது.

ஆவாரம்பூ: சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே நிகழ்வை இரண்டு பேப்பரில் படியுங்கள். யாருடைய பேச்சு முதல் பத்தியில் வருகிறது, யாருடையது கடைசிக்குத் தள்ளப்படுகிறது, எந்தச் செய்தி வரவே இல்லை என்று பாருங்கள். 2016 நவம்பரில், பிரெக்ஸிட்டைத் தொடங்க நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மறுநாள் மெயில் அவர்கள் படத்தைப் போட்டு 'மக்களின் எதிரிகள்' என்றது. தீர்ப்பு கேட்டது நாடாளுமன்ற ஒப்புதலை மட்டும்தான். அன்றைய பேப்பர்களின் முதல் பக்கங்களைப் பிபிசி தன் தளத்தில் தினமும் தொகுத்துப் போடுகிறது. நாளைக் காலை அங்கிருந்து தொடங்குங்கள்.