துருக்கியில் எபேசஸ் (பழைய கிரேக்க, ரோமானிய நகரத்தின் இடிபாடுகள்), பக்கத்து மலைக்கிராமம் சிரின்ஜே இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? சிரின்ஜேயை வைன் கிராமம் என்கிறார்கள், குடும்பத்தோடு போகலாமா?

முடியும். தாராளமாகப் போகலாம். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் எனக்கு முன் பதில் சொன்னவர்கள் "பெரியவர்கள் கூட வந்தால் சிரின்ஜேயை விட்டுவிடுங்கள், அது குடிக்கிற ஊர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் போனதே என் மாமியாரோடுதான். எழுபதைத் தாண்டியவர், கோவைக்காரர், முட்டை வாசனை வந்தாலே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்பவர்.

நீங்களும் இஸ்தான்புல், கப்படோக்கியா என்று டிக்கெட் போட்டுவிட்டு நடுவில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கியிருப்பீர்கள். சைவம் கிடைக்குமா என்ற பயமும் இருக்கும். முதல் நாள் இரவே செல்சுக் ஊரில் தங்கிவிடுங்கள். இஸ்மிரிலிருந்து ரயில் இருக்கிறது. செல்சுக்கிலிருந்து எபேசஸ் 3 கிலோமீட்டர், சிரின்ஜே மலைமேல் 8 கிலோமீட்டர்.

எபேசஸுக்குக் காலையில் கதவு திறந்ததுமே போய்விடுங்கள். நேரமானால் குஷாதாசி துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் கூட்டம் கொடி பிடித்த கைடுகளோடு வந்துவிடும். டாக்சியில் மேல் வாசலில் இறங்கி, சரிவில் நடந்து கீழ் வாசலில் வெளியே வந்தால் முழங்காலுக்கு நல்லது. பளிங்குத் தரை காலடி பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கிறது. அத்தைக்கு ரப்பர் அடி போட்ட ஷூ வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டிப் போனேன். உள்ளே நிழல் கிடையாது. நாங்கள் போனபோது சீட்டு 40 யூரோ, மேட்டு வீடுகள் எனப்படும் பணக்காரர் குடியிருப்புக்குத் தனிச் சீட்டு. விலை அதிகம்தான், ஆனால் அந்தச் சுவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு யாரும் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கூரை போட்டிருப்பதால் வெயிலும் படாது.

செல்சஸ் நூலகத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 12,000 சுருள்கள் இருந்ததாகச் சொல்லப்படும் நூலகம். அடியில் ரோமானிய ஆளுநரான செல்சஸின் கல்லறை, அப்பாவுக்காக மகன் கட்டியது. இப்போது நிற்கும் முகப்பு 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் விழுந்து கிடந்த கற்களைப் பொறுக்கித் தூக்கி நிறுத்தியது. அசல் சிலைகள் வியன்னாவில், இங்கே இருப்பவை பிரதிகள். "அப்போ வியன்னாவுக்கும் போகோணுமா கண்ணு?" என்றார் அத்தை.

நான் சரித்திரம் படித்தவள் இல்லை, திருத்த வருபவர்கள் திருத்தட்டும். என்னை நிற்க வைத்தது பெரிய அரங்கத்திலிருந்து நேராகப் போகும் துறைமுகச் சாலை. தூண்கள் வரிசையாக நிற்க, கடைசியில் கடலே இல்லை, நாணல்தான். ஆற்று வண்டல் சேர்ந்து கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நம் பழைய பாண்டியத் துறைமுகம் கொற்கையின் கதைதான். கிறிஸ்தவம் பரப்ப வந்த பவுலின் பேச்சால் பிழைப்பு கெடும் என்று, ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கப் பெண்தெய்வத்தின் கோயில் சாமான் செய்த வெள்ளித் தட்டார்கள் கூட்டம் போட்டுக் கத்தியது இந்த அரங்கத்தில்தான், பைபிளில் இருக்கிறது. வாசலில் இன்றும் ஆர்ட்டெமிஸ் பொம்மை விற்கிறார்கள்.

வெயில் ஏறுவதற்குள் கிளம்பி, செல்சுக் பஸ் நிலையத்தில் சிரின்ஜேக்கு டோல்முஷ் பிடியுங்கள், நம் ஷேர் வேன்தான். மாயன் காலண்டர்படி 2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழியும், இந்த ஊர் மட்டும் தப்பும் என்று ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்த ஊர் இது. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ளும் வரை இங்கே கிரேக்கர்கள் வாழ்ந்தார்கள். இப்போது இருப்பவர்கள் கிரேக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள்.

சாப்பாடு. முக்காடு போட்ட ஒரு அம்மா தாழ்வான வட்டப் பலகை முன் உட்கார்ந்து, விரல் பருமன் உள்ள நீளக் குச்சியால் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குச்சியில் மாவைச் சுற்றி, உள்ளங்கையை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்து உருட்டி, பிரித்துப் போட்டால் அடியில் இருக்கும் பலகையின் ரேகை தெரிகிறது. அதன்மேல் கீரையும் வெள்ளைச் சீஸும் தூவி மடித்து, உப்பலான இரும்புக் கல்லில் போட்டு வெண்ணெய் தடவுகிறார். இதுதான் கோஸ்லெமே. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். "முட்டை?" என்று கையால் கேட்க, அந்தம்மா மாவு, தண்ணி, உப்பு மூன்றையும் எடுத்துக் காட்டினார். அப்புறம் குச்சி அத்தை கைக்கு வந்தது. மாவு கிழிந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். தொட்டுக்கொள்ள உப்பு மோர், அங்கே அய்ரான்.

கறி வேண்டாம் என்பதற்கு 'எட்ஸிஸ்' என்று சொல்லுங்கள். சுக்கினிப் பூவில் அரிசி அடைத்து ஆலிவ் எண்ணெயில் வேகவைத்ததும் கிடைத்தால் விடாதீர்கள். சீஸில் ரென்னட் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள்) இருக்குமே என்று கேட்பவர்கள் சீஸ் இல்லாமல் உருளைக்கிழங்கு வைத்துத் தரச் சொல்லலாம். நான் அவ்வளவு தூரம் ஆராயவில்லை.

வைன். மாதுளை, பீச், செர்ரி, கருப்பு மல்பெரி என்று எல்லாப் பழத்திலும் வைத்திருக்கிறார்கள், சின்னக் கப்பில் ஊற்றி ருசி பார்க்கத் தருகிறார்கள். மல்பெரி நாவல்பழ நிறத்தில் கப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரே தித்திப்பு. வைன் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். உங்களுக்கும் தித்திப்பு பிடிக்காது என்றால் இஸ்மிர் பக்கத்துத் திராட்சையான போர்னோவா மிஸ்கெத்தில் செய்தது இருக்கிறதா என்று கேளுங்கள், அதில் பூ வாசனை வரும். நான் குடித்தேன், அத்தை மோந்து பார்த்துவிட்டு "இருமல் மருந்து" என்று திருப்பிக் கொடுத்தார். தெருவில் தள்ளாடியவர் ஒருவரும் இல்லை, குழந்தைகள் ஐஸ்கிரீமோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நான் கப் பிடித்திருக்கும் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கே நடந்தது தனிக் கதை. பக்கத்தில் அதே கப்போடு நின்ற என் கணவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அறிவுரை அனுப்பிய பெரியப்பா, பாண்டியன் நன்மாறனை யவனர், அதாவது கிரேக்க, ரோமானியர் தந்த தேறல் என்னும் மதுவைக் குடித்து மகிழ்ந்திரு என்று நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்றுப் பாட்டை மேடைதோறும் சொல்பவர். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த மது ஜாடிகளில் கோஸ் தீவு வகையும் உண்டு, அந்தத் தீவு இந்தக் கரையை ஒட்டித்தான் இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

தயவுசெய்து குரூப் டூரில் மட்டும் போகாதீர்கள். நாங்கள் முதலில் பணம் கட்டியிருந்த டிராவல்ஸ் கொடுத்த திட்டத்தில் எபேசஸுக்கு ஒன்றரை மணி நேரம், தோல் ஜாக்கெட் ஷோரூமுக்கு இரண்டு மணி நேரம், மதியம் "இந்திய உணவு". சிரின்ஜே பெயரே இல்லை. கேட்டால் "ஃபேமிலி குரூப் மேடம், அங்கெல்லாம் வேண்டாம்" என்கிறார். கோவை வெயிலில் தோல் ஜாக்கெட்டை எந்தக் குடும்பம் போட்டுக்கொள்ளும்? ரத்து செய்தோம். முன்பணத்தில் பாதி இன்னும் வரவில்லை, கேட்டால் அக்கவுண்ட்ஸில் ஆள் லீவு. அதை எப்படி வாங்குவது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.